கிழவி முதுகுக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 14, செவ்வாய்

புல்விதைக் கம்பெனிக்காரன் இந்த வருஷமும் ஒரு டைரி கொடுத்தான். போன வருஷத்து டைரியில் மார்ச் வரைக்கும்தான் எழுதினேன். மீதித் தாளில் என் வீட்டுக்காரர் மர்டோ மீன் சுற்றி விற்றுவிட்டார். இதை அலமாரி மேல் ஒளித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் கிரீனில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரையில், பாசி சுரண்டினேன். ஏழாம் கிரீனில் பதினொரு மணி வரை உறைபனி, அதுவும் பைன் மரத்து நிழல் விழுகிற இடது ஓரத்தில் மட்டும். மரத்தைத் திட்டினேன். அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த கோல்ஃப் மைதானத்துக்குப் புல் வெட்டுகிறேன். எனக்கும் அந்த மரத்துக்கும் சண்டை தீர்ந்ததில்லை, பேச்சும் நின்றதில்லை.

ஜனவரி 17, வெள்ளி

கிளப் கேப்டன் நார்மன் அர்கட் கொட்டகைக்கே வந்துவிட்டான். கமிட்டி முன்னால் அவன் 'நீங்க', கொட்டகையில் 'நீ'. பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டைப் பார்த்து எழுதி ஃபெயிலானவன் அவன். அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

கையில் ஒரு சுருட்டிய காகிதம். புல்வெட்டி வண்டியின் மேல் விரித்தான்.

"டோலி, ஏழாம் குழிக்கு விடிவுகாலம் வந்தாச்சு."

பார்த்தேன். பச்சைப் பென்சிலில் ஒரே நேர்கோடு. இரண்டு பக்கமும் முப்பது முப்பது பாப்ளார் மரம், சிப்பாய் மாதிரி.

"கிழவி முதுகு மேடு எங்க?"

"எடுத்தாச்சு."

"எடுத்து எங்க வச்சிருக்க?"

"விளையாடாத. பைனும் போகுது. நிழல்னு நீதானே தினம் அதத் திட்டுவ?"

"மர்டோவக் கூடத்தான் தினம் திட்டறேன். வெட்டியா போட்டேன்?"

சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாதிரியாருக்கு ஆகஸ்ட்ல ஆனது இன்னொருத்தருக்கு ஆகக் கூடாது டோலி. அவர் மணி அடிச்சாரு. நான் கேட்டேன், கேட்டுட்டுத்தான் பந்த அடிச்சேன். அப்படியும் பந்து அவர் மண்டைல பட்டுச்சு. அப்ப மணி போதாதுன்னுதானே அர்த்தம்? மேடு இருக்கிற வரைக்கும் ஆபத்துதான்."

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான்! நார்மன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரி 18, சனி

ஏழாம் குழியை இங்கே எழுதி வைக்கிறேன். நாளைக்கு இல்லாமல் போனால் மீன் சுற்றுகிற தாளிலாவது இருக்கட்டும்.

அடிக்கிற மேடையில் நின்றால் எதிரே மணல்மேடு. அதுதான் கிழவி முதுகு. முடி மாதிரி கடற்புல் நட்டுக்கொண்டு கூனிக் கிடக்கும். குழியும் தெரியாது, கொடியும் தெரியாது. மேட்டுக்கு மேலே பைன் மரத்தின் தலை மட்டும் தெரியும். அதன் இடது தோளைப் பார்த்து ஒரே அடி. பந்து மறைந்துவிடும். அப்புறம் நீயும் கடவுளும். ஏறிப் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் நிலம் மடி மாதிரி குழிந்திருக்கும், நடுவில் கிரீன். நல்ல அடியோ நொண்டி அடியோ, மேட்டைத் தாண்டிவிட்டால் போதும், கிழவி மடியில் வாங்கி உருட்டிக் குழிப் பக்கம் விடுவாள். பலசாலிக்கும் எண்பது வயது ஆளுக்கும் அங்கே ஒரே நியாயம்.

முன்னால் ஆடினவர்கள் கிரீனை விட்டுக் கிளம்பும்போது கம்பத்து மணியை அடிக்க வேண்டும். இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் அது கேட்ட பிறகுதான் அடிக்க வேண்டும். கேட்கவில்லையா, நில். மழையா, நனைந்துகொண்டு நில். அவ்வளவுதான் சட்டம்.

இதை யாரும் கட்டவில்லை. காற்று மண்ணைக் குவித்தது. முயல் புல்லைக் கடித்து ஒட்ட வைத்தது. ஆடுகள் குளிருக்கு ஒதுங்கிப் படுத்து மணற்குழி பறித்தன. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆள் வந்தாராம், ஒன்பது குச்சியும் இரண்டு ஜாம் ரொட்டியும் எடுத்துக்கொண்டு. நடந்து பார்த்தார், குச்சி நட்டார், ரொட்டி தின்றார், ரயிலேறிப் போனார். மண்வெட்டி கொண்டு வரவில்லை. குழி எங்கே இருக்க ஆசைப்படுகிறது என்று நிலத்தைக் கேட்டுவிட்டு நட்டிருக்கிறார். அந்த ஆளைப் பார்த்திருந்தால் நானே கட்டிக்கொண்டிருப்பேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஞாயிறு, ஆட்டம் கிடையாது. ஆகவே எழுதிவிடுகிறேன். ஐந்து மாதமாக நெஞ்சில் முள் மாதிரி இருப்பது.

ஆகஸ்ட் இருபத்திநாலு, சனிக்கிழமை. காலையில் மணிக்கயிறு இற்றுக் கிடப்பதைப் பார்த்தேன். அறுத்துக் கொட்டகைக்குக் கொண்டு போனேன், புதுசு கட்டலாம் என்று. அதற்குள் இரண்டாம் குழியில் வெட்டுவண்டி பெல்ட் அறுந்துவிட்டது. அதைப் பார்க்கப் போனவள் கயிற்றை மறந்தேன். சுத்தமாக மறந்தேன்.

மூன்று மணிக்குப் பாதிரியார் லெய்ங் தனியாக ஆடிக்கொண்டு போயிருக்கிறார். மணி உயரத்தில் இருக்கிறது, கயிறு இல்லாமல் எட்டாது. கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்திருப்பார், பாவம். மேட்டுக்கு இந்தப் பக்கம் நார்மன். பந்து தாண்டி வந்து அவர் இடது காதுக்கு மேலே அடித்தது. ஏழு தையல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அன்றைய மத்தியானம் முழுக்க அவர் நினைவில் இல்லாமல் போய்விட்டது.

எல்லோரும் ஆம்புலன்ஸ் பின்னால் ஓடினார்கள். நான் கொட்டகைக்கு ஓடிப் புதுக் கயிற்றைக் கட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

மணி கேட்டது என்று நார்மன் ஊரெல்லாம் சொல்கிறான். கேட்டிருக்க முடியாது. கயிறு என் கொட்டகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பொய் சொல்கிறான் என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் கழுத்தை அந்தக் கயிற்றில் மாட்ட வேண்டும்.

எழுதியாகிவிட்டது. முள் அங்கேயேதான் இருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

மழை. ஒன்பது கொடியும் மாற்றினேன். யாரையும் கிண்டல் செய்யவில்லை. மர்டோ காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜனவரி 30, வியாழன்

நார்மன் காட்டின புது ஏழாம் குழிப் படத்தை வரைந்தவர் தெற்கிலிருந்து வந்தார். திரு. விட்லாக். நல்ல பூட்ஸ், புதுசு. ஏழாம் மேடையில் நின்று மேட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார், கெட்டுப்போன பல்லைப் பார்க்கிற டாக்டர் மாதிரி.

மட்டையைக் கையில் கொடுத்தேன். "ஒரு அடி அடிச்சுப் பாருங்க ஐயா. வெட்டப் போற ஆட்டுக்கும் தண்ணி காட்டறது உண்டுல்ல."

"எதப் பாத்து அடிக்கறது?"

"மரத்தோட தலைய. இங்க காத்து இருக்கா?"

"இல்லையே."

"மரம் என்ன பண்ணுது?"

பார்த்தார். "ஆடுது."

"எந்தப் பக்கமா?"

"வலப்பக்கமா."

"அப்ப இடப்பக்கம் தள்ளி அடிங்க. நாமதான் கிழவி பின்னால ஒதுங்கி நிக்கறோம். பந்து ஒதுங்காது. அதுக்குக் காத்து எப்படின்னு சொல்றதுக்குத்தான் அங்க ஒருத்தர் நின்னு தலையாட்டறாரு. சம்பளம் வாங்காத ஆளு."

அடித்தார். பந்து மறைந்தது. நான் சொல்லாமலே மேட்டில் ஓட ஆரம்பித்தார் — அதுதான் வேடிக்கை, ஏழாம் குழியில் யாராக இருந்தாலும் ஓடுவார்கள். உச்சியில் நின்று கத்தினார். பந்து மடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடிக்கு இரண்டு அடியில் நின்றிருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். புது பூட்ஸ் முழுக்க மணல்.

"எப்படி?" என்றேன்.

"அற்புதமா இருக்கு." மூச்சு வாங்கினார். "ஆனா வரைஞ்சாச்சேம்மா."

வரைஞ்சாச்சாம்! படத்தில் காற்றை எங்கே வரைந்தீர்கள் என்று கேட்டேன். கமிட்டி கேட்டதைத்தான் வரைந்தேன் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. நல்ல மனுஷர். டீ கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மூன்றாம் குழியில் பாசி, பாசி, பாசி. நார்மனின் அப்பா கேப்டனாக இருந்தபோது இரண்டு பக்கமும் சைப்ரஸ் வரிசை நட்டார்கள். மரம் நடுவது நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் வெயிலும் வராமல் காற்றும் வராமல் புல் என்ன செய்யும்? ஆடுகிறவனுக்கும் ஒரே வழிதான், ரயிலில் உட்கார்ந்து போகிற மாதிரி. யோசிக்க ஒன்றும் இல்லை. பைன் அப்படியா? அதை யாரும் நடவில்லை. காற்றில் வந்து உட்கார்ந்தது, காற்றுக்கே கோணிக்கொண்டது. ஆட்டம் அதைச் சுற்றி வந்து உட்கார்ந்தது.

ஒரு மரம் நின்றால் கேள்வி. அறுபது மரம் நின்றால் சுவர். இது என் சொந்த வசனம். மர்டோவிடம் சொன்னேன். "சூப்புல உப்பு இல்ல" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

ரம்பமும் ஏணியும் எடுத்துக்கொண்டு போய்ப் பைனின் கீழ்க்கிளை இரண்டை எடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஒன்பதரைக்கே வெயில் இடது ஓரத்தில் விழுந்தது. நிழலுக்கு வைத்தியம் இவ்வளவுதான். கழுத்தை வெட்டச் சொன்னார்கள், நான் முடியை வெட்டினேன்.

பிப்ரவரி 12, புதன்

மேட்டைப் பற்றி உறுப்பினர்கள் மார்ச் பதினைந்தாம் தேதி ஓட்டுப் போடுகிறார்கள். நியாயம். ஆனால் நார்மன் வருகிற திங்கட்கிழமையே மண் தோண்டுகிற இயந்திரத்தை வரச் சொல்லியிருக்கிறான். கேட்டால் 'மண் பரிசோதனை'யாம். சூப்பை ருசி பார்க்கிறேன் என்று சட்டியைக் காலி பண்ணுகிற ஆள்.

"இயந்திரத்த நீதான் ஓட்டணும்" என்றான்.

"மாட்டேன்."

"டோலி, இது உத்தரவு."

"உத்தரவ நீயே ஏறி உக்காந்து ஓட்டிக்கோ."

"வேல போயிடும்."

"போகட்டும். நாளைலருந்து நீ உத்தரவு போடு, புல்லு வெட்டிக்கிதான்னு பாக்கலாம்."

"அப்ப வெளியூர் ஆளக் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் மூன்றாம் கிரீனுக்குப் பாசி சுரண்டப் போனேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயில். வாசலில் பாதிரியார் லெய்ங் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றார். தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. ஆனால் இடது காதில் இரைச்சல் இன்னும் நிற்கவில்லை.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"உங்களுக்கெல்லாம் ஞாயித்துக்கெழம மட்டும்தாம்மா மணி. எனக்கு நாள் முழுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார்: "என் தப்புதான் டோலினா. மணி அடிச்சிட்டு எதுக்கோ திரும்பி கிரீனுக்குப் போயிருக்கேன். எதுக்குன்னுதான் ஞாபகம் வரல. கிழட்டுப் புத்தி."

அவர் கையை விட்டுவிட்டு நடந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாமே!

பிப்ரவரி 17, திங்கள்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

கிளப் சமையலறையில் இருக்கிற எல்ஸ்பெத்துக்கு ஆபீஸ் பாஷை நன்றாக வரும், எனக்கு இந்த டைரி பாஷைதான். நடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற பழைய குத்தகைப் பத்திரத்தைச் சனிக்கிழமை முழுக்கப் படித்திருக்கிறாள். நிலம் ஊருடையது. கிளப்புக்கு ஆட மட்டும்தான் உரிமை. கிழவி முதுகில் ஊர்ப் பெண்கள் துணி உலர்த்துகிற உரிமை 'என்றென்றைக்கும்' உண்டாம், அதற்கு இடைஞ்சல் செய்யக் கூடாதாம். அந்தக் காலத்தில் மீன்காரப் பெண்கள் முட்புதர் மேல் போர்வை விரித்த இடம் அது. நாற்பது வருஷமாக யாரும் விரிக்கவில்லை. ஆனால் என்றென்றைக்கும் என்றால் என்றென்றைக்கும்தானே?

இன்றைக்குத் திங்கள். ஞாயிறு துணி துவைத்தால்தான் பாவம். திங்கள் துவைக்காவிட்டால் பாவம்.

எட்டரைக்கு இயந்திரம் வந்தது, பக்கத்து ஊர் டிரைவரோடு. நாங்கள் ஏழுக்கே போய்விட்டோம், பத்தொன்பது பெண்கள். கிழவி முதுகு முழுக்க வெள்ளை. போர்வை, தலையணை உறை, மேஜை விரிப்பு, எல்ஸ்பெத் மாமியாரின் பாவாடை — அது ஒன்றே பாதி மேட்டை மூடியது. உச்சியில் கொடி மாதிரி மர்டோவின் நீளக் கம்பளி உள்ளாடை, இரண்டு காலும் காற்றில் உதைத்துக்கொண்டு.

நார்மன் வந்தான். முகம் வேகவைத்த நண்டு.

"டோலி! இதெல்லாம் என்ன?"

"துணி, கேப்டன். உங்க வீட்டுல வேற பேரு சொல்லுவாங்களா?"

"எடு எல்லாத்தையும்!"

"காயலியே."

"எப்பக் காயும்?"

வானத்தைப் பார்த்தேன். "நம்ம ஊர் வெயிலுக்கா? மே மாசம் கேட்டுப் பாருங்க."

டிரைவர் இயந்திரத்தை விட்டு இறங்கவே இல்லை. "பொம்பளைங்க உள்பாவாட மேல வண்டி ஏத்தறதுக்கு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல சார்," என்று சொல்லிப் பைப்பைப் பற்ற வைத்தான். எல்ஸ்பெத் 'என்றென்றைக்கும்' வரியை உரக்கப் படித்தாள், பைபிள் படிக்கிற குரலில். நார்மன் அதை இரண்டு முறை வாங்கிப் படித்தான். கடைசியில் மர்டோவின் உள்ளாடையைப் பார்த்தான். உதடு ஒரு ஓரத்தில் துடித்தது. சிரிப்புதான், நான் பார்த்தேன். அடக்கிக்கொண்டு போய்விட்டான்.

இயந்திரம் திரும்பிப் போயிற்று. துணியெல்லாம் மணல். இன்னொரு முறை துவைக்க வேண்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கமிட்டியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம். 'கீழ்ப்படியாமை' என்று எழுதியிருக்கிறது. எல்ஸ்பெத்தை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அழகான வார்த்தை.

மார்ச் 5, புதன்

எல்லோரும் சொல்கிறார்கள்: துணி வேடிக்கை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஓட்டு என்று வந்தால் பாதிரியார் மண்டைதான் கண்ணில் நிற்கும். மணி அடித்தும் அடிபட்டது என்றால் என்ன செய்வது? அடுத்தது நம் பிள்ளையாக இருந்தால்? நல்லவர்கள்தான் அப்படிக் கேட்கிறார்கள். அவர்களிடம் என்ன கிண்டல் செய்ய முடியும்?

மணி அடிக்கவில்லை என்று தெரிந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். மேட்டின் மேல் தப்பில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மறதி, இந்தப் பக்கம் ஒரு அவசரம். அவ்வளவுதான்.

கிழவி ஆயிரம் வருஷமாகக் கிடக்கிறாள். நான் ஐம்பத்திரண்டு. யார் தலையைக் கொடுப்பது நியாயம்?

மார்ச் 12, புதன்

மர்டோவிடம் சொல்லிவிட்டேன். கொத்துக்கறியும் மசித்த உருளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கயிறுதானே? தெரியும்."

"என்னது, தெரியுமா?"

"அன்னிக்கு சாயங்காலம் உன் கையெல்லாம் தார் வாசன. புதுக் கயித்துத் தார். பாதிரியாருக்கு அடிபட்ட அன்னிக்கு எவளாவது கயிறு திரிச்சிக்கிட்டு இருப்பாளா?"

"ஏழு மாசமா வாயத் தொறக்கலியே நீங்க!"

ஒரு வாய் சாப்பிட்டார். "மணி கேக்காம நான் அடிக்கறதில்ல."

நான் சிரிக்கவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுப் பக்கம் வந்து தோளில் கை வைத்தார். "வேல போனா என்னோட மீன் வண்டில வா. ஆனா வாய வீட்டுல வச்சிட்டு வரணும். வாடிக்கக்காரங்க ஓடிடுவாங்க."

மார்ச் 15, சனி

கூட்டம். எழுபத்தேழு பேர். வேலையாட்கள் பேசக் கூடாது என்பது விதி. நானும் எல்ஸ்பெத்தும் டீ ஊற்றினோம்.

நார்மன் படத்தைச் சுவரில் மாட்டி நன்றாகத்தான் பேசினான். மேட்டைப் பற்றி, ஆபத்தைப் பற்றி. "மணி அடிச்சும் இது நடந்துது" என்றான். முன்வரிசையில் பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குனிவைப் பார்த்தேன். கெட்டிலைக் கீழே வைத்தேன். மடியிலிருந்து பழைய கயிற்றை எடுத்துக்கொண்டு போய்த் தலைவர் மேஜையில் போட்டேன். இற்றுப்போன கயிறு, செத்த பாம்பு மாதிரி கிடந்தது.

"வேலையாட்கள் பேசக் கூடாது" என்று யாரோ சொன்னார்கள்.

"அப்ப இப்பவே வேலய விட்டு நிறுத்துங்க, பேசிட்டுப் போறேன்," என்றேன். "இது ஏழாம் குழி மணிக்கயிறு. ஆகஸ்ட் இருபத்திநாலு காலைல நான்தான் அறுத்தேன். மாத்த மறந்துட்டேன். பாதிரியாருக்கு அடிபட்டப்ப மணியில கயிறே இல்ல. அவர ஏத்திவிட்டப்புறம் ஓடிப்போய்க் கட்டினேன். ஏழு மாசமா சொல்லல. பயந்துக்கிட்டு. எல்லாரையும் கேலி பண்ற டோலிதான், பயந்துக்கிட்டு. மேட்டு மேல தப்பு இல்ல. என் மேல."

நார்மனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் பக்கம் பார்க்கவும் இல்லை. ஆனால் கணக்கு எல்லோருக்கும் போடத் தெரியும். கயிறு இல்லை என்றால் எந்த மணியைக் கேட்டான்? ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. நாற்காலிகள் முனகின.

பாதிரியார்தான் முதலில் பேசினார். "அப்ப நான் மணி அடிச்சிட்டுத் திரும்பிப் போகலையா?"

"இல்ல ஐயா. உங்களால அடிச்சிருக்கவே முடியாது."

"நான் முட்டாள்தனம் பண்ணலையா?"

"இல்ல ஐயா."

அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நார்மன் எழுந்தான். வந்தது, பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே குரல்.

"மணி கேக்கல. காத்திருந்தேன். தூத்தல் போட்டுது. அலுத்துப் போச்சு. அடிச்சிட்டேன்."

உட்கார்ந்துவிட்டான்.

படத்தை யாரும் கழற்றவில்லை. அது சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுப் போட்டார்கள். மேடும் மரமும் இருக்கட்டும் என்று நாற்பத்தாறு. போகட்டும் என்று இருபத்தெட்டு. மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 21, வெள்ளி

வேலையை விட்டு நிறுத்துகிற கடிதம் வந்துவிட்டது. இரண்டு வாரம் அவகாசம். நார்மனே கொண்டு வந்தான். கேப்டனாக அவன் போடுகிற கடைசிக் கையெழுத்து. அவனும் விலகுகிறான்.

"தபால்ல போட்டிருக்கலாமே."

"தபால்காரன் நமக்கு முன்னால படிச்சிடுவான்."

கொட்டகை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. "நீ என்னக் காட்டிக் குடுக்கல டோலி."

"சின்ன வயசுலயும் காட்டிக் குடுக்கலியே. என் சிலேட்டப் பாத்துத்தான எழுதுவ."

"அப்பவும் தப்பான விடைதான் இருந்துது."

போய்விட்டான். கடிதத்தில் 'வருத்தத்துடன்' என்று ஒரு வார்த்தை இருந்தது. அதை எல்ஸ்பெத் இல்லாமல் நானே படித்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கடைசி நாள். புது ஆள் வந்தான், கல்லூரியில் புல் படித்தவனாம். சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: கிழவி முதுகில் இயந்திரம் ஏற்றாதே, கடற்புல்லைத் தொட்டால் மணல் பறக்கும். பைனைத் திட்டு, வெட்டாதே. மணிக்கயிற்றை ஒவ்வொரு சனியும் இழுத்துப் பார். மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான். நல்ல பையன்.

மூன்றாம் குழியில் சைப்ரஸ் நான்கு நேற்று 'காற்றில் விழுந்துவிட்டன'. காற்று ரம்பத்தோடு வந்திருக்கிறது போல. அடிக்கட்டையைப் பார்த்துவிட்டுப் புது ஆள் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

உருளைக்கிழங்குப் பண்ணையில் டிராக்டர். காலையிலிருந்து மாலை வரை வரிசை, வரிசை, வரிசை. கிழங்குக்கு வரிசை பிடிக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

இடுப்பு போயிற்று.

மே 19, திங்கள்

கிளப்பிலிருந்து ஒரு தாள். வேலையாளாக இருந்தவரை நான் உறுப்பினராக முடியாது. இப்போது முடியும் என்று யாரோ கண்டுபிடித்து என் பேரை எழுதிப் போட்டிருக்கிறார்கள். எல்ஸ்பெத் படித்தாள். முன்மொழிந்தவர்: என். அர்கட். வழிமொழிந்தவர்: பாதிரியார் ஏ. லெய்ங்.

"என்ன எழுதறது?" என்றாள்.

"டோலினா மன்றோ, கீழ்ப்படியாதவள்னு எழுது."

ஜூன் 7, சனி

இருபத்திரண்டு வருஷம் அந்தப் புல்லை வெட்டினேன், ஒரு முறையும் அடிக்கணக்குச் சீட்டு வாங்கி ஆடினதில்லை. இன்றைக்கு ஆடினேன், பாதிரியாரோடு. மட்டை எல்ஸ்பெத்துடையது. முதல் ஆறு குழியில் எத்தனை அடி என்று எழுதப்போவதில்லை. மூன்றாம் கிரீனில் வெயில் விழுகிறது. பாசி கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது.

ஏழாம் மேடையில் நின்றோம். காற்று இல்லை. மரத்தின் தலை லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. இடது தோளுக்கு இன்னும் ஒரு கை தள்ளிப் பார்த்தேன். அடித்தேன். பந்து மறைந்தது.

ஓடினேன். இந்த இடுப்போடு! பாதிரியார் பின்னால் "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே அவரும் ஓடி வந்தார். பந்து மேட்டின் சரிவில் தட்டி, மடியில் ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கிழவி பார்த்துக்கொண்டாள்.

முடித்துவிட்டுக் கம்பத்துக்குப் போனேன். கயிறு நல்ல கயிறு, புது ஆள் தார் பூசி வைத்திருக்கிறான். மேட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு அடுத்து ஆடிவருகிற நார்மன், தனியாக, மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். தூறல் வேறு போட ஆரம்பித்துவிட்டது.

"அடிக்கலையா?" என்றார் பாதிரியார்.

"அடிக்கறேன் ஐயா. எல்லாரும் தள்ளிப் போயாச்சான்னு ஒரு தடவ பாத்துக்கறேன்."

எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. பாதிரியார் புரிந்துகொண்டு, காதைத் தடவிக்கொண்டு, சிரித்தார். தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். தூறல் கொஞ்சம் வலுத்தது. பந்து வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றோம். அப்படியும் வரவில்லை.

அதற்கு அப்புறம்தான் மணியை அடித்தேன். இரண்டு முறை, நன்றாக.